கேள்வியைத் திருத்தும் கூட்டம்: கணினி மன்றங்களின் கேள்வி நேரம் குறித்து

"போனில் இடமில்லை என்கிறது, எதை அழித்தாலும் காலியாக மாட்டேன் என்கிறது." "நேற்றுவரை அச்சடித்த பிரிண்டர் இன்று கணினியின் கண்ணுக்கே தெரியவில்லை." "பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விடவில்லை." கணினி மன்றங்களின் மாதக் கூட்டங்களில் இப்படிப்பட்ட தொல்லைகளுக்கென்றே ஒரு நேரம் உண்டு. அதற்குப் பேச்சாளரும் கிடையாது, தலைப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுந்து தம் சிக்கலைச் சொல்லலாம். தெரிந்தவர் பதில் சொல்லலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இன்றும் இயங்கும் மன்றங்களில், குறிப்பாக மூத்தவர்கள் மிகுந்தவற்றில், பலர் வருவதே இந்த நேரத்துக்காகத்தான்.

தேடுபொறியில் தட்டினால் நொடியில் விடை வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பொறுமையாகப் படிப்படியாகச் சொல்லித் தருகின்றன. நிறுவனங்களுக்கு உதவி எண்கள் இருக்கின்றன. இத்தனைக்கும் பிறகு ஒரு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரிண்டரைப் பற்றிப் பேச என்ன தேவை? இந்த மன்றங்களின் வரலாற்றையும், அங்கு வரும் சிக்கல்களின் இயல்பையும், அவை தீரும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். கூடிப் பேசுவதன் முதல் பயன் விடை கிடைப்பதில் இல்லை, கேள்வி சரியாவதில் இருக்கிறது. இன்றைய தொழில்நுட்பத் தொல்லைகளில் பெரும்பாலானவை தவறான கேள்வியாகவே நம்மிடம் வந்து சேர்கின்றன.

கட்டியவர்களின் மன்றம்

கணினி மன்றம் என்றதும் எல்லோரும் சுட்டுவது கலிபோர்னியாவின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பை. 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டு கார் ஷெட்டில் அது முதன்முறை கூடியது. ஃபிரெட் மூர் அவருடன் சேர்ந்து அழைப்பு விடுத்தவர். ஆல்டேர் 8800 என்ற கணினி உதிரிபாகங்களாக விற்பனைக்கு வந்திருந்த நேரம் அது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் கட்டளை இட வேண்டும். வாங்கியவர்களுக்குச் சிக்கல் வராமல் இருந்தால்தான் வியப்பு.

கூட்டம் பெரிதாகி, ஸ்டான்ஃபோர்டின் துகள் முடுக்கி ஆய்வகமான ஸ்லாக்கின் அரங்குக்கு மாறியபோது, லீ ஃபெல்சென்ஸ்டைன் அதை நெறிப்படுத்தினார். அவர் வைத்த முறை எளியது. முதல் பகுதியில் ஒவ்வொருவரும் சுருக்கமாகத் தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். இரண்டாம் பகுதியில் எல்லோரும் எழுந்து, தமக்குத் தேவையானவரைத் தேடிப் போய்ப் பேசலாம். முதல் பகுதிக்கு 'மேப்பிங்' என்றும் இரண்டாவதற்கு 'ரேண்டம் ஆக்சஸ்' என்றும் பெயர். சிக்கலைப் பலர் முன் சொல்வதையும் அதைத் தீர்ப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்ததுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம். ஆப்பிள் நிறுவனத்தைப் பின்னர் தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் இங்கு முதல் கூட்டத்திலிருந்தே வந்தவர்.

தொல்லை கண்டுபிடிப்பாவதும் இங்கு நடந்தது. ஆல்டேர் ஓடும்போது அருகில் இருக்கும் ரேடியோவில் இரைச்சல் எழும். ஸ்டீவ் டாம்பியர் என்ற உறுப்பினர் எந்தக் கட்டளைக்கு எந்த ஒலி வருகிறது என்று கவனித்துக் குறித்து, 1975இல் மன்றத்தின் முன் அந்த இரைச்சலைக் கொண்டே பாட்டு இசைக்க வைத்தார். ஒலி எழுப்பும் வசதியே இல்லாத இயந்திரம் அது.

அடுத்த பத்தாண்டில் கணினி கடைச்சரக்கானது. கட்டுபவர்களின் இடத்தில் வாங்குபவர்கள் வந்தார்கள். மன்றங்களின் இயல்பும் மாறியது. 1977இல் ஜோனதன் ரோட்டன்பெர்க் என்ற 13 வயதுச் சிறுவன் தொடங்கிய பாஸ்டன் கம்ப்யூட்டர் சொசைட்டி 30,000 உறுப்பினர்களைத் தாண்டியது. 1984 ஜனவரியில் மெக்கின்டாஷை அறிமுகப்படுத்திய சில நாள்களில் ஆப்பிள் அதை இந்த மன்றத்தின் கூட்டத்துக்கும் கொண்டுவந்து காட்டியது என்றால் அதன் செல்வாக்கை ஊகிக்கலாம். அதே 1977இல் நெதர்லாந்தில் பிறந்த ஹாபி கம்ப்யூட்டர் கிளப் இன்றும் இருக்கிறது. மூத்தவர்களுக்குக் கணினி கற்பிக்க முடியுமா என்ற ஆய்வாக 1986இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் மேரி ஃபர்லாங் தொடங்கிய சீனியர்நெட் பின்னர் பெரிய அமைப்பாக வளர்ந்தது.

இணையம் வந்தபின் பல மன்றங்கள் கலைந்தன. ஹோம்ப்ரூ 1986 இறுதியிலேயே முடிந்திருந்தது. பாஸ்டன் மன்றம் 1996இல் கதவை மூடியது. செய்தி அறியவும் மென்பொருள் பகிரவும் கூட்டம் தேவைப்படாமல் போயிற்று. ஆனால் கேள்வி நேரம் மட்டும் பிழைத்துக்கொண்டது. மன்றம் செய்த மற்ற வேலைகளையெல்லாம் இணையம் எடுத்துக்கொண்ட பிறகும் இது மிஞ்சியது ஏன் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

என்ன சிக்கல்கள் வருகின்றன?

முன்பு வந்த சிக்கல்கள் இயந்திரத்துக்குள் இருந்தன: டிரைவர் இல்லை, நினைவகம் போதவில்லை, கேபிள் பொருந்தவில்லை. இன்று வருபவற்றில் பல இயந்திரத்தில் இல்லை. கணக்கு, ஒப்பந்தம், நிறுவனத்தின் கொள்கை, தொலைவில் உள்ள சேமிப்பகம் ஆகியவற்றுக்கு இடையில் எங்கோ இருக்கின்றன. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் பழுது இருப்பதால்தான் கேள்வியே பிழையாகிறது.

'போனில் இடமில்லை' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கேட்பவர் போனின் நினைவகத்தைச் சொல்கிறார். வந்த எச்சரிக்கையோ கூகுள் கணக்கில் இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி நிறைந்ததைப் பற்றியதாக இருக்கலாம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அந்த ஓரிடத்தையே பங்கிடுகின்றன. 2021 ஜூன் 1 வரை படங்களைச் சற்றே சுருக்கி எல்லையின்றிச் சேமிக்க முடிந்தது. அதன்பின் சேர்ந்தவை கணக்கில் ஏறுகின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே இடத்தில் கணக்கிடப்படுகிறது. போனில் உள்ள செயலிகளை அழித்தால் இதில் ஒரு எம்பிகூடக் குறையாது. இடம் முற்றிலும் நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். இப்போது கேள்வி 'எதை அழிப்பது' என்பதிலிருந்து 'எந்த இடம் நிறைந்திருக்கிறது' என்று மாறிவிட்டது. மாறியதும் பாதி வேலை முடிந்தது.

இதைவிட ஆபத்தானது, ஒத்திசைவையும் பேக்கப்பையும் ஒன்றாக எண்ணிவிடுவது. பேரப்பிள்ளையின் படங்கள் 'கிளவுடில்' பத்திரமாக இருக்கின்றன என்று நம்பி ஒருவர் போனில் உள்ள போட்டோஸ் செயலியில் அவற்றை அழிக்கிறார். ஒத்திசைவு என்பது இரண்டு இடத்தையும் ஒரேமாதிரி வைப்பது. ஆகவே அங்கும் அழிகிறது. குப்பைத்தொட்டியில் சில காலம் கிடந்து பிறகு நிரந்தரமாகப் போகிறது. அதே செயலியில் போனில் உள்ள நகலை மட்டும் நீக்கும் வசதி தனியாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் கோப்புறைகள் ஒன்டிரைவுக்குள் இடம்பெயர்ந்துவிடுவதும், அதை நிறுத்தியதும் கோப்புகள் மறைந்ததுபோல் தோன்றுவதும் இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியை ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பினார். மன்றங்களில் இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்குக் காரணம், படங்களை இழந்த ஒருவராவது ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பதுதான்.

கடவுச்சொல் தொல்லைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறி மூன்றும் கலக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும் என்ற நடைமுறைக்கு 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டி ஒரு முக்கிய மூலம். மக்கள் என்ன செய்தார்கள்? இறுதியில் இருந்த 1ஐ 2 ஆக்கினார்கள். மறக்காமல் இருக்கத் திரையிலேயே ஒட்டிவைத்தார்கள். 2017இல் அதே நிறுவனம் கட்டாய மாற்றத்தையும் கலவை விதிகளையும் கைவிட்டு, நீளமான கடவுச்சொல்லே நல்லது என்றது. தம் அறிவுரையில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக பர் பத்திரிகைக்குச் சொன்னார். பல அலுவலகங்களும் வங்கிகளும் இன்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. 'எனக்கு நினைவாற்றல் போய்விட்டது' என்று சொல்லிக் கூட்டத்தில் எழுபவர், உண்மையில் விதியின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொண்டவர். பொருள்களின் வடிவமைப்புப் பற்றி 1988இல் டான் நார்மன் எழுதிய நூலின் அடிப்படைச் செய்தியே இதுதான்: வடிவமைப்பு மோசமாக இருந்தால் மக்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

இவற்றோடு 2025இல் ஒரு பெரிய கேள்வி சேர்ந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலகமும் வேண்டும் என்பதால், நன்றாக ஓடும் பல கணினிகள் தகுதியிழந்தன. ஓராண்டு நீட்டிப்புக்குப் பதிவதா, லினக்ஸுக்கு மாறுவதா, புதிது வாங்குவதா? இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. கேட்பவர் கணினியில் என்ன செய்கிறார் என்று தெரியாமல் எந்த யோசனையும் சொல்ல முடியாது.

பேச்சு எப்படி வேலை செய்கிறது?

மன்றத்தில் ஒரு சிக்கல் தீரும் முறையைக் கவனித்தால், பதிலுக்கு முன் எதிர்க்கேள்விகள் வருவது தெரியும். எப்போது தொடங்கியது? அதற்கு முன் என்ன மாற்றினீர்கள்? வீட்டில் இன்னொரு போனிலும் அப்படியா? திரையில் சரியாக என்ன எழுதியிருக்கிறது? இந்த நான்குக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது சிலருக்கு விடையும் தானாகவே கிடைத்துவிடும். நிரலாளர்களிடையே இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மேசைமேல் ரப்பர் வாத்து ஒன்றை வைத்து அதனிடம் நிரலை வரிவரியாக விளக்கு, பிழை தெரிந்துவிடும் என்பார்கள். 1999இல் வந்த 'த பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூல் அதைப் பரப்பியது.

தேர்ந்த தொழில்வல்லுநர்களும் இப்படித்தான் பழுது பார்க்கிறார்கள் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றித்திரிந்து ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர். 1996இல் வெளிவந்த அவர் நூல், அவர்கள் கையேட்டைவிடக் கதைகளை நம்புவதைக் காட்டியது. இந்தக் குறி காட்டினால் இதைப் பார் என்று கையேடு சொல்லும். இயந்திரமோ கையேட்டில் இல்லாத விதத்தில் கெடும். சாப்பாட்டு வேளையில் ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல, மற்றவர் தனக்கு நேர்ந்ததை அதனோடு ஒட்டிப் பார்க்க, பழுதின் உருவம் மெல்லத் தெளிவாகும். நிர்வாகத்தின் கண்ணுக்கு வெட்டிப்பேச்சாகப் பட்டது, உண்மையில் வேலையின் மையம். பின்னர் ஜெராக்ஸ் இப்படிப் பகிரப்படும் குறிப்புகளைச் சேர்க்க 'யுரேகா' என்ற அமைப்பையே உருவாக்கியது. அது பிரான்சின் பழுதுபார்ப்பவர்களிடமிருந்து தொடங்கியது.

மன்றத்தில் மிகப் பயனுள்ள பதில் பெரும்பாலும் பெரிய நிபுணரிடமிருந்து வருவதில்லை, அதே சிக்கலில் அண்மையில் மாட்டி மீண்டவரிடமிருந்து வருகிறது. இதற்கும் காரணம் உண்டு. 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் நடத்திய சோதனையில், சிலர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட, மற்றவர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப்பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை 3 மட்டுமே. தட்டியவர்களுக்கு மெட்டு மனத்துக்குள் ஒலித்தது. கேட்டவர்களுக்குத் தட்டல் மட்டும். நிபுணருக்கு 'செட்டிங்ஸ் போய் மாற்றிவிடுங்கள்' என்பது முழுமையான வாக்கியம். போன மாதம் கற்றவருக்கோ அந்தச் செட்டிங்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது, எந்த இடத்தில் பயம் வரும் என்பதெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு பயனும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரே தொல்லையை மூவர் சொல்லும்போது அது தனியொருவரின் கைப்பிசகு அல்ல என்று தெளிவாகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 1980ஐ ஒட்டி எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் காகிதம் சிக்கிய ஒரு லேசர் பிரிண்டர் அங்கிருந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனை எரிச்சலூட்டியது. பழைய பிரிண்டரின் மென்பொருளை அவர் மாற்றி, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி செய்திருந்தார். புதியதன் மூலநிரல் கிடைக்கவில்லை; வைத்திருந்தவர் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி மறுத்தார். அந்த மறுப்பு 1983இல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களில் ஒன்று. சில்லறைத் தொல்லைக்குள் பொதுச் சிக்கல் ஒளிந்திருக்கலாம். தனியே முணுமுணுத்தால் அது வெளியே வராது.

மோசடிக்கு எதிரான பேச்சு

கேள்வி நேரத்தின் மதிப்பு மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் இணைய மோசடி. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் என்று தொலைபேசியில் மிரட்டி, எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச்சொல்லித் திரையைக் கைப்பற்றும் மோசடி மேற்கத்திய மன்றங்களில் நெடுநாளாகப் பேசப்படுகிறது. இந்தியாவில் அதன் கொடிய வடிவம் 'டிஜிட்டல் கைது'. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் தோன்றி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், திரையை விட்டு நகரவிடாமல் பணத்தைக் கறக்கிறார்கள். அப்படியொரு கைது சட்டத்திலேயே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

இந்த மோசடிகள் அனைத்துக்கும் பொதுவான கட்டளை ஒன்று: யாரிடமும் சொல்லாதே. ஏமாற்றுபவரின் தொழில்நுட்பம் பெரும்பாலும் எளியது. அவருடைய உண்மையான கருவி எதிராளியின் தனிமை. 'இப்படி ஒரு அழைப்பு வந்தது' என்று பத்துப் பேர் நடுவில் ஒருவர் சொல்லி, 'எனக்கும் வந்தது' என்று இன்னொருவர் சொல்லும் கணத்தில் அந்தக் கருவி முனை மழுங்குகிறது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் போடவே தேவையில்லை என்பதை எத்தனை விளம்பரம் சொன்னாலும், ஏமாந்த ஒருவர் தன் வாயால் சொல்லும்போது பதிவதுபோல் பதியாது. ஏமாந்தவரைப் பார்த்து யாரும் சிரிக்காத இடமாக மன்றம் இருந்தால்தான் அவர் வாய் திறப்பார்.

குறைகளும் வரம்புகளும்

மன்றத்தை மெச்சுவதோடு நிறுத்தினால் ஆய்வாகாது. முதல் குறை, தவறான யோசனை உறுதியான குரலில் வருவது. போனில் பின்னணிச் செயலிகளை ஓயாமல் மூடிக்கொண்டிருந்தால் பேட்டரி மிஞ்சும் என்பது போன்ற நம்பிக்கைகள் கூட்டத்துக்குக் கூட்டம் பரவுகின்றன. இரண்டாவது, ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் மன்றம். அவர் வராத மாதம் கூட்டமே இல்லை. மூன்றாவது, தனியுரிமை. உதவி கேட்பவர் தன் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் சத்தமாகச் சொல்லிவிடுவதும், உதவுபவர் போனை வாங்கி மளமளவென்று தட்டித் திருப்பிக் கொடுப்பதும் வழக்கம். இப்படித் தானே தட்டிக் கொடுப்பது அன்றைய சிக்கலைத் தீர்க்கும். ஆனால் கேட்டவர் கையில் எதுவும் மிஞ்சாது. நான்காவது, உறுப்பினர்களின் வயது. இளைஞர்கள் வராததால் பல மன்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகின்றன.

இவற்றில் சிலவற்றுக்கு வேறோர் இயக்கம் விடை தந்திருக்கிறது. மார்டினே போஸ்ட்மா 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'ரிப்பேர் கஃபே'யில் பழுதான பொருளைக் கொண்டுவருபவரும் பழுதுபார்ப்பவர் அருகிலேயே உட்கார்கிறார்; பார்க்கிறார், முடிந்தால் கைகொடுக்கிறார். கணினி மன்றங்களுக்கும் பொருந்தக்கூடிய விதி இது: சாதனம் அதன் சொந்தக்காரர் கையைவிட்டுப் போகக் கூடாது.

இயந்திரம் பதில் சொல்லும் காலத்தில்

தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவும் கேட்ட கேள்விக்கு விடை தருகின்றன. 'போனில் இடம் காலி செய்வது எப்படி' என்று கேட்டால் போனில் இடம் காலி செய்யும் வழிகள் வரும். அவை சரியாகவும் இருக்கும். நிறைந்திருப்பது கணக்கின் இடம் என்றால் பயனற்றும் இருக்கும். திரையில் வந்த எச்சரிக்கைச் செய்தியைப் படமெடுத்துக் காட்டினால் செயற்கை நுண்ணறிவு பல நேரம் நன்றாகவே கண்டறிகிறது. அதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பதே ஒரு பயிற்சி. தேடலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வங்கி, சமையல் எரிவாயு, கூரியர் போன்றவற்றின் உதவி எண்ணைத் தேடுபவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போலி எண்களை நட்டுவைக்கிறார்கள். ஆகவே இயந்திர விடை மன்றத்துக்குப் போட்டி அல்ல. மன்றத்தில் திருத்தப்பட்ட கேள்வியை எடுத்துப்போய்ப் பயன்படுத்த வேண்டிய இடம்.

தமிழ்ச் சூழலில்

தமிழுக்கு இந்த மரபு புதிதல்ல. 1990களில் ஒருவர் தட்டச்சு செய்த தமிழ்க் கடிதம் இன்னொருவர் கணினியில் குப்பையாகத் திறந்தது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இந்தியா, புலம்பெயர் நாடுகள் எங்கும் இருந்த ஆர்வலர்கள் இணையத்தில் ஓயாமல் விவாதித்ததில்தான் டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் உருவானது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கு வழிவகுத்தது. பின்னர் யூனிகோடு நிலைபெற்றபோதும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை மாற்றும் கருவிகளைத் தன்னார்வலர்களே எழுதித் தந்தார்கள். 'என் கடிதம் திறக்கவில்லை' என்ற புலம்பல் 'நமக்குப் பொதுவான குறியேற்றம் ஏன் இல்லை' என்ற கேள்வியாகத் திருந்திய கதை அது. லினக்ஸ் பக்கம், சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நெடுங்காலம் கூடிவந்தது.

ஆனால் இவை ஆர்வலர்களின், நிரலாளர்களின் கூட்டங்கள். போனில் பென்ஷனும் கேஸ் பதிவும் மின்கட்டணமும் செய்ய வேண்டியிருக்கும் சாதாரணக் குடிமகனுக்கு நம் ஊர்களில் கேட்க இடமில்லை. பேரனோ, பக்கத்து போன் கடைக்காரரோ, இ-சேவை மையமோதான். மூவரும் வேலையை முடித்துத் தருவார்கள். சொல்லித் தர அவர்களுக்கு நேரமில்லை. போனைக் கடைக்காரர் கையில் கொடுத்து ஓடிபியையும் சொல்லிவிட்டு வரும் பழக்கம் இங்கிருந்துதான் வளர்கிறது.

இதற்கு வேண்டியது பெரிய திட்டம் அல்ல. கிளை நூலகத்தின் ஒரு மேசை, மாதத்தில் ஒரு மாலை, மூன்று நான்கு விதிகள் போதும். ஒவ்வொருவரும் முதலில் சிக்கலைச் சொல்ல வேண்டும்; எதிர்க்கேள்வி கேட்காமல் யாரும் தீர்வு சொல்லக் கூடாது. கடவுச்சொல், பின், ஓடிபி எதையும் உரக்கச் சொல்லக் கூடாது. சாதனத்தை அதன் சொந்தக்காரரே தொட வேண்டும். தீர்ந்ததைப் பொது நோட்டில் ஒருவர் எழுதிவைக்க வேண்டும், அடுத்த மாதம் அதே சிக்கலோடு வருபவருக்கு, முன்பு சிக்கல் தீர்ந்தவரே சொல்லித் தர வேண்டும். ஃபெல்சென்ஸ்டைன் அரங்கில் வைத்த முறையின் சாரமும் ஜெராக்ஸ் பழுதுபார்ப்பவர்களின் சாப்பாட்டு மேசையின் சாரமும் இந்த விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

விடைகள் இனியும் மலிவாகும், விரைவாகும். அதனால் கூடிப் பேசும் தேவை குறையாது, கூடும். விடை எளிதாகக் கிடைக்கக் கிடைக்க, தவறான கேள்விக்குச் சரியான விடை பெற்று ஏமாறும் வாய்ப்பும் பெருகுகிறது. அரசும் வங்கியும் மருத்துவமனையும் ஒவ்வொரு சேவையாகத் திரைக்குள் நகர்த்திக்கொண்டிருக்கும்போது, அந்தத் திரையைப் பற்றிக் கூச்சமின்றிக் கேட்கும் இடத்தையும் அவற்றோடு சேர்த்து அமைத்துத் தருவது அவற்றின் கடமை. பயன்படுத்துவோர் பொறுப்பு என்று விட்டுவிட்டால், அந்த இடத்தை மோசடிக்காரர் நிரப்புவார்.